வில்லும் துணிவும்

வவுனியாவிலிருந்து கண்டி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் ஓமந்தையை அண்மியதும் வன்னிநாட்டின் இயல்பான தோற்றத்தைக் காண்பர். வீதியோரம் வயல், வயலுக்கு அப்பால் குளக்கட்டு, குளக்கட்டுக்கு அப்பால் பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த காடு. போர்க்காலத்தில் சோதனைச் சாவடியொன்றின் பெயராகவே பலருக்கு அறிமுகமான இவ்வூருக்கு, 1990 ஆம் ஆண்டில் நின்றுபோன புகையிரதம் 2011 ஆம் ஆண்டு மே மாதத்தில் மீண்டும் வந்து சேர்ந்தது. சாவடிக்கு முன்னும் பின்னும் ஓமந்தை காட்டோரத்து ஊரே. அத்தகைய ஊரில் வாழ்வோருக்கு மானும் மரையும் பன்றியும் அயலவர் போன்றன.

வன்னிக் கிராமங்களில் வேட்டைக் கதை கேளாது வளர்ந்த சிறுவர் முற்காலத்தில் இல்லை எனலாம். ஆயினும் அக்கதைகளில் வரும் வீரர் பெரும்பாலும் துவக்குப் பிடித்தவரே. அவருக்கும் முன்னே இதே காட்டில் வில்லோடு திரிந்தவனை நாம் மறந்துவிட்டோம். துவக்குக்காரன் நூறு மீற்றருக்கு அப்பாலிருந்தே தன் வேலையை முடித்துக்கொள்வான். வில்லாளியோ மானின் இமை அசைவதைக் காணும் தூரம்வரை நெருங்கவேண்டும். நெருங்கியபின் ஓரம்பு, அதுவும் தவறினால் அன்றைய பொழுது வீண். இவ்வளவு குறைந்த வசதியுடன் அவன் எவ்வாறு துணிவு கொண்டான்? அத்துணிவு பிறவியில் வந்ததா, பயிற்சியில் வந்ததா? தன்னம்பிக்கை என்னும் சொல் மேடைதோறும் ஒலிக்கும் இந்நாளில், மாணவரும் பெற்றோரும் இவ்வினாவைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் நன்று.

இலை காட்டிய அளவு

றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி 1660 ஆம் ஆண்டில் கொட்டியாரத்தில் சிறைப்பட்டு, ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கழித்தவர். 1679 ஆம் ஆண்டில் அவர் தம் தோழர் ஒருவருடன் தப்பியோடி, அனுராதபுரத்தைக் கடந்து, அருவி ஆற்றங்கரைக் காடுகளினூடாக நடந்து, அரிப்புக் கோட்டையில் இருந்த ஒல்லாந்தரிடம் சேர்ந்தார். அவர் எழுதிய இலங்கை வரலாற்று நூல் 1681 ஆம் ஆண்டில் இலண்டனில் அச்சேறியது. அந்நூலில் வேடரைப் பற்றி அவர் கூறும் செய்தியொன்று சுவையானது.

வேடனுக்கு அம்புமுனை தேவைப்படும்போது அவன் கொல்லனை நேரில் காண்பதில்லை. இரவில் வந்து, கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, தனக்கு வேண்டிய முனையின் வடிவில் வெட்டிய இலையொன்றையும் அருகில் வைத்துப் போவான். இலையின் அளவுக்கு ஏற்பக் கொல்லன் முனையை அடித்து வைத்தால், பின்னர் மேலும் இறைச்சி வரும். அடித்து வைக்காவிடில் இருளில் அம்பு வரும்!

இதைப் படிப்போர் பெரும்பாலும் அந்தப் பயமுறுத்தலையே நினைவில் வைத்துக்கொள்வர். நாம் கவனிக்கவேண்டியது அந்த இலையை. தன் அம்புமுனை எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் இருக்கவேண்டும் என்பதை அவ்வேடன் திட்டமாக அறிந்திருந்தான். கொல்லன் கொடுப்பதை ஏற்றுக்கொள்வோம் என்று அவன் இருக்கவில்லை. தன் கருவியை இலையளவு நுட்பமாக அறிந்தவனுக்கே அதன்மேல் நம்பிக்கை பிறக்கும். துணிவின் முதற்படி இதுவே.

செலிக்மன் தம்பதியர் வேடரிடையே சென்று ஆராய்ந்து 1911 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இன்றும் அறிஞரால் எடுத்தாளப்படுகின்றது. ஆள் உயரமுள்ள எளிய மரவில். மரப்பட்டை நாரினால் முறுக்கிய நாண். இறகு கட்டிய அம்பு. அகன்ற இரும்பு அலகு. வேடனின் செல்வம் இவ்வளவே. இத்தகைய வில்லால் நெடுந்தூரம் குறி தவறாமல் எய்தல் அரிது. ஆகவே வேடன் தன் திறமையை எய்வதைக் காட்டிலும் அணுகுவதிலேயே பெரிதும் செலவிட்டான். சருகின்மேல் ஓசையின்றி அடிவைத்தல், காற்றுக்கு எதிரே நடத்தல், விலங்கு தலை தாழ்த்தும் கணத்தில் நகர்ந்து தலை தூக்கும் கணத்தில் மரமாகி நிற்றல் ஆகியவையே அவன் கல்வி. வில் குறைந்த தூரமே எட்டும் என்பதை அவன் குறையாக எண்ணிக் கலங்கவில்லை. அக்குறையை ஒட்டியே தன் வாழ்வை அமைத்துக்கொண்டான்.

துவக்கு வந்தபின் வழிகள் மாறின. 1861 ஆம் ஆண்டில் இலங்கையின் இயற்கை வரலாற்றை எழுதிய எமர்சன் தெனன்ற் என்பவர், பழக்கிய எருமையைக் கொண்டு இரவில் வேட்டையாடும் முறையை விவரிக்கின்றார். எருமையின் கழுத்தில் மணி கட்டி, முதுகில் ஒரு பக்கம் திறந்த பெட்டியினுள் விளக்கேற்றிக் காட்டினுள் ஓட்டுவர். மணியோசையும் ஒளியும் கண்டு திகைத்து விலங்குகள் நெருங்கி வரும். விளக்கின் நிழற்பக்கத்தில் துவக்குடன் மறைந்து வருவோர் சுடுவர். விலங்கை அறிந்து அதனிடம் செல்லும் முறை தேய்ந்து, விலங்கை மயக்கித் தன்னிடம் வரவழைக்கும் முறை வளர்ந்ததன் அறிகுறி இது.

கலையின் கல்வி

ஆண் மானைக் கலை என்றும் பெண் மானைப் பிணை என்றும் பிரித்துச் சொன்னவர் நம் முன்னோர். காட்டில் பிணைகளையும் இளங்கலைகளையும் காண்பது அத்துணை அரிதன்று. மாலை வேளையில் வற்றும் குளத்தின் ஓரத்தில் புள்ளிமான் கூட்டம் மேய்வதை வன்னியில் பலர் கண்டிருப்பர். முதிர்ந்த கலையைக் காண்பதே அரிது. தமிழ்நாட்டில் கடமான் எனப்படும் மரையில் இது இன்னும் தெளிவு. முதிர்ந்த ஆண் மரை பெரும்பாலும் தனித்தே திரியும்; இரவிலேயே நீருக்கும் மேய்ச்சலுக்கும் வரும்; பகலில் அடர்ந்த பற்றைக்குள் படுத்திருக்கும். அதன் காலடியைக் கண்டவர் பலர்; அதனைக் கண்டவர் சிலர்.

கொம்பின் கிளைகளை எண்ணி மானின் வயதைச் சொல்லலாம் என்று நினைப்பவர் உளர். அது பொருந்தாது. மானினத்து ஆண்களின் கொம்பு மாட்டின் கொம்பைப் போன்று நிலையானதன்று. உதிர்ந்து, மென்தோல் போர்த்து, மீண்டும் முளைப்பது. புள்ளிமானுக்கும் மரைக்கும் வளர்ந்த கொம்பொன்றில் பொதுவாக மூன்று கிளைகளே இருக்கும். பற்களின் தேய்வும் உடலின் அமைப்புமே வயதை ஓரளவு காட்டுவன. கொம்பைவிட நம்பத்தக்க அடையாளம் அதன் நடத்தையாகும். இளங்கலை பிணையின் பின்னே வெளிக்கு ஓடிவரும். முதிர்ந்த கலை காட்டின் விளிம்பில் நின்று, மற்றவை வெளியே சென்று நலமாக மேய்வதைக் கண்ட பின்னரே அடி வைக்கும். பலமுறை தப்பிப் பிழைத்ததன் பயனாக அது பெற்ற கல்வி அது.

அதற்கு ஆசிரியர் பலர். மரத்தின் மேலிருக்கும் முசுக்குரங்கு சிறுத்தையைக் கண்டு குரல் கொடுத்தால் கீழே மேயும் மான் தலை தூக்கும். ஆட்காட்டிக் குருவி கத்தினால் குளக்கரையெங்கும் செய்தி பரவும். இவற்றுக்கெல்லாம் மேலாக அதன் மூக்கு இருக்கின்றது. கண்ணையும் காதையும் ஏமாற்றிய வேட்டைக்காரனை மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். சோளகமா, கச்சானா, வாடையா, கொண்டலா என்று காற்றின் பெயரறிந்து சொல்லும் நம் உழவர்க்கும் மீனவர்க்கும் இது வியப்பாக இராது. காற்றை அறியாதவன் கடலில் மட்டுமன்றிக் காட்டிலும் வெறுங்கையுடன் திரும்புவான்.

கடலுக்கு அப்பால்

இன்று வில் வேட்டை பெரிய அளவில் நடைபெறும் நாடு அமெரிக்கா. அங்கே அதற்குரிய விலங்கு வெள்வால் மான். அஞ்சி ஓடும்போது வாலை உயர்த்தி அதன் அடிப்புறத்து வெண்மையைக் காட்டுவதால் அப்பெயர் பெற்றது. அதன் முதிர்ந்த கலையை வில்லால் வீழ்த்துவதே அந்நாட்டு வேட்டைக்காரர் பலருக்கு வாழ்நாள் ஆசை.

இக்கலை அங்கு மறுபிறவி எடுத்த கதை உருக்கமானது. 1911 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஓரோவில் என்னும் ஊரருகே, பசியால் மெலிந்த பழங்குடி மனிதர் ஒருவர் காட்டிலிருந்து தனியே வெளிவந்தார். யாகி என்னும் அவர் இனத்தார் அனைவரும் குடியேறியோரின் கொலைகளாலும் பிற துயரங்களாலும் அழிந்து, அவர் ஒருவரே எஞ்சியிருந்தார். தம் பெயரைப் பிறரிடம் சொல்வது அவர் மரபன்று. ஆகவே 'மனிதன்' என அவர் மொழியில் பொருள்படும் இஷி என்ற பெயரால் அவரை அழைத்தனர். சான் பிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் அவர் வாழ்ந்த காலத்தில், சாக்ஸ்டன் போப் என்னும் மருத்துவர் அவருக்கு நண்பராகி, வில் செய்யவும் எய்யவும் அவரிடம் கற்றார். இஷி 1916 ஆம் ஆண்டில் காசநோயால் இறந்தார். போப் தாம் கற்றதை 1923 ஆம் ஆண்டில் நூலாக்கினார். அந்நூலே பிற்கால வில் வேட்டைக்காரர்க்கு வழிகாட்டியாயிற்று. 1934 ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் மாநிலம் வில்லுக்கென்றே ஒரு மான் வேட்டைப் பருவத்தை வகுத்தது. போப்பினதும் அவர் தோழர் ஆர்தர் யங் என்பவரினதும் பெயர் தாங்கிய வில்லாளர் கழகம் 1961 ஆம் ஆண்டில் தோன்றியது.

நெடுந்தூர இலக்குகளில் இஷி பெரிய வில்லாளியாகத் தோன்றவில்லை என்றும், வேட்டைக்குரிய குறுகிய தூரத்தில் அவர் கை தேர்ந்தது என்றும் போப் எழுதினார். வேட்டைக்குச் செல்லுமுன் இஷி மீனுண்பதையும் புகைப்பதையும் தவிர்த்து, நீராடிச் செல்வார். மானின் மூக்கை அவர் அறிந்திருந்தார். இஷியும் நம் வேடரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. இடையில் ஒரு பெருங்கடலே கிடந்தது. எனினும் காடு இருவருக்கும் ஒரே பாடத்தைக் கற்பித்திருக்கின்றது.

கை நடுங்குவது ஏன்?

மாதக்கணக்கில் பயின்றவனுக்கும் கலை எதிரே வந்து நின்றதும் நெஞ்சு படபடக்கும், முழங்கால் தளரும், கை நடுங்கும். அமெரிக்க வேட்டைக்காரர் இதனைக் 'கலைமான் காய்ச்சல்' என்று பொருள்படும் பெயரால் வழங்குவர். பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைத் திருப்பியதும் மாணவர் சிலருக்கு வரும் காய்ச்சலும் இந்த இனத்ததே. வில்லாளருக்கு வேறொரு நோயும் உண்டு. இலக்கைக் கண்டதுமே, மனம் ஆணையிடும் முன்னர், விரல் நாணை விட்டுவிடும். உலகப் போட்டிகளில் வென்றவரையும் அது விட்டுவைப்பதில்லை.

'துணிந்து நில், அஞ்சாதே' என்று சொல்வதால் இந்நோய் தீராது. தேர்ந்த பயிற்சியாளர் சொல்லும் மருந்து வேறு. வைக்கோற் கட்டின் முன்னே சில அடி தூரத்தில் வில்லாளியை நிறுத்துவர். இலக்கே இராது. சிலர் கண்ணையும் மூடிக்கொள்வர். நாணை இழுத்தல், நிலைநிறுத்தல், விடுதல் என்னும் மூன்றையுமே நாள்தோறும் பல முறை செய்வர். அடித்தோமா தவறினோமா என்ற கவலை அங்கே இல்லாமையால் கை தன் வேலையைக் கற்றுக்கொள்கின்றது. பின்னர் ஐந்து மீற்றரில் ஓர் இலக்கு. அது கைவந்தபின் பத்து மீற்றர். அதன்பின் பதினைந்து.

வேட்டைக்குப் பயில்வோர் சாப்பாட்டுத் தட்டளவான வட்டமொன்றை இலக்காக வைப்பர். மானின் இருதயமும் நுரையீரலும் அமைந்த இடம் ஏறத்தாழ அவ்வளவே. எந்தத் தூரத்திலிருந்து எய்த அம்புகள் எல்லாம் அத்தட்டினுள் விழுகின்றனவோ அதுவே அவ்வில்லாளியின் எல்லை. பத்தில் ஏழு விழும் தூரம் அவன் எல்லையன்று. இதில் தன்னை ஏமாற்றிக்கொள்ள இடமில்லை; தட்டில் உள்ள துளைகளே சாட்சி.

கணிதம் கற்கும் மாணவர் இங்கே ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். எளிய மரவில்லின் அம்பு செக்கனுக்கு 45 மீற்றர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். 18 மீற்றரைக் கடக்க 0.4 செக்கன் ஆகும். காற்றின் தடையை நீக்கிப் பார்த்தால், அந்நேரத்தில் புவியீர்ப்பு அம்பை ஏறத்தாழ 78 சென்றிமீற்றர் கீழே இழுத்துவிடும். அதற்கேற்ப வில்லாளி முனையைச் சற்று உயர்த்தி எய்கின்றான். மான் நிற்பது உண்மையில் 23 மீற்றரில். அவன் 18 என்று மதித்து எய்தான் என்க. அம்பு குறித்த இடத்துக்கு ஏறத்தாழ 28 சென்றிமீற்றர் கீழே செல்லும். தட்டின் நடுவிலிருந்து விளிம்புக்குப் பத்துச் சென்றிமீற்றர் அளவே என்பதை நினைவிற் கொள்ளுக. ஐந்து மீற்றர்ப் பிழை அனைத்தையும் கெடுத்துவிட்டது!

இன்னொன்றும் உண்டு. ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். புதுமுறைக் கப்பிவில்லின் அம்பும் செக்கனுக்கு 90 மீற்றர் அளவே செல்கின்றது. ஆகவே நாணின் ஓசை அம்புக்கு முன்னரே மானின் காதை எட்டிவிடும். ஓசை கேட்ட மான் பாய்வதற்காக உடலைத் தாழ்த்தும். அம்பு அதன் முதுகின் மேலே போகும். தூரம் கூடக்கூட மானுக்குக் கிடைக்கும் அவகாசமும் கூடுகின்றது. வில் எவ்வளவு வலிதாயினும் நெருங்குவதற்கு ஈடில்லை என்பது இதனால் பெறப்படும்.

முதல் அம்பு

பயிற்சித் திடலில் ஐம்பது அம்பு எய்தவன் ஐம்பதாவது அம்பின் செம்மையைக் கண்டு மகிழ்வான். காட்டில் அந்த ஐம்பதாவது அம்புக்கு இடமில்லை. குளிரில் அசையாது பல மணி நேரம் காத்திருந்த உடலுடன் அவன் எய்வது அன்றைய முதல் அம்பு. ஆகவே அறிவுள்ள வில்லாளி சில நாட்களில் காலையில் எழுந்ததும் ஒரே ஓர் அம்பை எய்து, அது விழுந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, வில்லை வைத்துவிடுவான். மாதமொன்றின் முடிவில் அந்த முப்பது குறிப்புகளும் அவன் யார் என்பதை அவனுக்குச் சொல்லும். நண்பரின் புகழ்ச்சியோ தன் கற்பனையோ அவ்விடத்தில் செல்லாது.

திருவள்ளுவர் படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில், சிறு விலங்கை வீழ்த்திய வெற்றியைக் காட்டிலும் யானையைக் குறிவைத்துத் தவறிய முயற்சியே இனிது என்னும் கருத்தை அமைத்தார். அது போர்க்களத்து மறவனுக்குச் சொன்னது. உயர்ந்ததை நோக்கி முயல்க என்பது அதன் உட்கிடை. வேட்டைக் காட்டில் அவ்வறத்தை அப்படியே கைக்கொள்ள இயலாது. போர்க்களத்தில் தவறிய வேலின் விளைவு எறிந்தவனையே சாரும். காட்டில் தவறிய அம்பின் விளைவை மான் சுமக்கின்றது. நெஞ்சில் தைத்த அம்பால் மான் விரைவில் வீழும். வயிற்றில் தைத்தாலோ அது பல மணி நேரம் துன்புற்று, எங்கோ ஒரு பற்றைக்குள் தனியே சாகும். எய்தவன் குருதிச் சுவட்டைத் தேடிக் காட்டில் அலைந்து, பல வேளைகளில் காணாமலே திரும்புவான்.

இக்காரணத்தால், எய்யாமல் விடும் அம்பும் வில்லாளியின் திறமையில் சேர்ந்ததாகும். மூன்று ஆண்டுகள் தேடிய கலை முப்பது மீற்றரில் வந்து நிற்கின்றது. அவன் எல்லையோ இருபது. நாணைத் தளர்த்திக்கொண்டு அது போவதைப் பார்த்திருக்க வல்லவன் எவனோ அவனே தன்னை நம்புகின்றவன். தன்மேல் நம்பிக்கை இல்லாதவனே 'இதைவிட்டால் இனிக் கிடையாது' என்று எண்ணிக் குருட்டு அம்பு விடுவான். நாளையும் நெருங்க முடியும் என்று அறிந்தவனுக்கு இன்று அவசரமில்லை.

இன்றைய வன்னியில்

இவ்வளவும் கூறியதால், வன்னி இளைஞர் வில்லேந்திக் காட்டுக்குள் புகுக என்று நாம் சொல்வதாக எவரும் கருதவேண்டா. 1937 ஆம் ஆண்டின் காட்டு விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் மானையும் மரையையும் காக்கின்றன. அவற்றைக் கொல்வது குற்றம். மடு வீதி, சுண்டிக்குளம் ஆகிய சரணாலயங்கள் 2015 ஆம் ஆண்டில் தேசிய பூங்காக்களாக உயர்த்தப்பட்டன. அமெரிக்காவில் மான் தொகை பல இடங்களில் பெருகி, அரசே எண்ணிக்கை வகுத்து வேட்டைக்கு இசைவு அளிக்கின்றது. நம் நிலை அதுவன்று. போரின் எச்சமாகிய வெடிபொருள்கள் புதைந்து கிடக்கக்கூடிய காட்டில் அறியாது அடிவைப்பதும் ஆபத்து.

நம்மை வருத்தும் செய்தி வேறொன்று. சட்டம் இருந்தும் வேட்டை ஒழியவில்லை. அதன் மிக இழிந்த வடிவமே எஞ்சி நிற்கின்றது. கட்டுத்துவக்கு என்பது அது. விலங்கு செல்லும் பாதையில் துவக்கைக் கட்டி, குறுக்கே கம்பியை இழுத்துவிட்டு, கட்டியவன் வீட்டில் போய் உறங்குவான். கம்பியில் இடறுவது கலையா, சினைப்பிணையா, யானைக் கன்றா, விறகெடுக்க வந்த ஏழையா என்பதைத் துவக்கு அறியாது. சுருக்குக் கம்பியும் அத்தகையதே. இதில் காத்திருத்தல் இல்லை, நெருங்குதல் இல்லை, இது வேண்டும், இது வேண்டா என்று தெரிந்து விடுதலும் இல்லை. இலையளவில் தன் அம்பை அறிந்திருந்த பழைய வில்லாளிக்கும் இவனுக்கும் உள்ள தூரத்தை நம் பிள்ளைகள் உணரவேண்டும்.

வில்லை விரும்பும் மாணவருக்கு வேறு வழி திறந்தே இருக்கின்றது. இராசத்தானின் மலைப்புறத்துப் பழங்குடிச் சிறுவனான லிம்பா ராம் மூங்கில் வில் கொண்டு சிறு உயிர்களை எய்து வளர்ந்தவர். இந்திய அரசின் விளையாட்டுப் பயிற்சித் திட்டத்துக்குத் தெரிவாகி, 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் தம் நாட்டுக்காக வில்லேந்தினார். 1992 ஆம் ஆண்டில் பெய்ஜிங்கில் நடைபெற்ற ஆசியப் போட்டியில் 30 மீற்றர் தூரத்தில் அன்றைய உலகச் சாதனையைச் சமன்செய்தார். 2012 ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. உயிரைக் குறித்த கண், உயிரற்ற வட்டத்தைக் குறித்தபோதும் தன் கூர்மையை இழக்கவில்லை.

தென்கொரியப் பெண்கள் 1988 முதல் 2024 வரை நடந்த பத்து ஒலிம்பிக் போட்டிகளிலும் குழு வில்வித்தையில் தொடர்ந்து பொற்பதக்கம் வென்றனர். அந்நாட்டு வில்லாளரை ஆரவாரம் மிகுந்த பந்தாட்ட அரங்கினுள் நிறுத்தி எய்யப் பழக்குவர். கூச்சலில் கை நடுங்குமா என்ற ஐயத்தை ஊகத்துக்கு விடாமல், கூச்சலின் நடுவே எய்து பார்த்தே தீர்த்துக்கொள்கின்றனர். ஓசையற்ற காட்டில் நின்ற இஷிக்கும் ஆரவார அரங்கில் நிற்கும் இப்பெண்களுக்கும் இடையே, தன் நிலையைச் சோதித்தறிந்த பின்னரே நம்புதல் என்னும் பண்பு பொதுவாக இருக்கின்றது.

வகுப்பறைக்கு வருவோம். பரீட்சை அண்மிக்கும் காலத்தில் மாணவர் இருவகையினராகப் பிரிவதை ஆண்டுதோறும் காண்கின்றோம். ஒருவகையினர் 'எனக்கு எல்லாம் தெரியும்' என்பர். மற்றவர் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்பர். இருசாராரும் தம் அம்பு விழும் இடத்தைப் பாராதவர்களே. பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, நேரம் வகுத்து, புத்தகத்தை மூடிவைத்து, முதல் முயற்சியில் எவ்வளவு எழுத முடிகின்றது என்று குறித்துப் பார்க்கச் சொல்லுவோம். முதல் நாளில் முகம் வாடும். பத்தாம் நாளில் தன் எல்லை எது என்பது தெளியும்; இருபதாம் நாளில் அவ்வெல்லை சற்று அகலும். பெற்றோர் 'உன்னால் முடியும்' என்று ஓயாது சொல்வதைக் காட்டிலும், பிள்ளையின் முப்பது குறிப்புகளையும் அருகிருந்து பொறுமையுடன் பார்ப்பது பயன் தரும்.

காட்டுக் கல்வியையும் பிள்ளைகள் இழக்கவேண்டியதில்லை. வேனிலில் குளங்கள் வற்றும் காலத்தில், இடமறிந்த பெரியவர் ஒருவருடன் பாதுகாப்பான குளக்கட்டில் மாலை நேரத்தில் அமர்ந்திருக்கலாம். சிறிது மண்ணை விரலிடையே தூவிக் காற்றின் திசையை அறிக. ஆட்காட்டி கத்தினால் எதைக் கண்டு கத்துகின்றது என்று தேடுக. ஈரச் சேற்றில் பதிந்த குளம்பின் அளவைக் கொண்டு வந்தது புள்ளிமானா மரையா என்று பிரித்தறிக. கண்ட நாள், நேரம், காற்று, தொகை ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வருக. ஒரு பருவம் இவ்வாறு பொறுமையுடன் இருந்தவர்க்கு, பிணைகள் எல்லாம் வெளியே வந்து மேய்ந்த பின்னர், காட்டின் விளிம்பில் இருள் கவியும் வேளையில், கிளைத்த கொம்புடன் ஒரு கலை வந்து நிற்பதைக் காணும் பேறு கிட்டலாம். அப்போது கையில் வில் இல்லாமையால் எவருக்கும் ஒரு குறையும் இராது. நெஞ்சு படபடப்பதை மட்டும் எவராலும் தடுக்க இயலாது.